ஏழு அறைப் பெட்டி

ஞாயிறு இரவு
ஒன்பது மணிச் செய்தி முடிந்ததும்
உன் மாத்திரைப் பெட்டியை நிரப்புவது என் வேலை.
பதினொரு வருடமாய்.
நாற்பது பிள்ளைகளை எண்ணி ஏற்றி
எண்ணி இறக்கும் பள்ளிப் பேருந்துக்காரன்;
எண்ணிக்கையில் எனக்குத் தப்பாது.

அந்த வியாழன்,
முதுகில் முடிச்சிட்ட ஆஸ்பத்திரி அங்கியில் நீ படுத்திருக்க
மயக்க மருத்துவர் கேட்டார்:
மஞ்சள் மாத்திரையை என்றைக்கு நிறுத்தினீர்கள்?
நீ என்னைப் பார்த்தாய்.
நான் பெட்டியைப் பார்த்தேன்.
திங்கள் காலி. செவ்வாய் காலி. புதன் காலி.
காலியாக இருந்ததுதான் குற்றம்.

மூன்று நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டுமாம்.
சர்க்கரையைச் சிறுநீரில் இறக்கிவிடும் மருந்து அது;
பட்டினியோடு சேர்ந்தால்
கருவியில் எண் ஒழுங்காய் இருக்கும்போதே
உள்ளே இரத்தம் புளித்துப்போகலாமாம்.

தாளில் எழுதித்தான் கொடுத்திருந்தார்கள்.
குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினேன்.
அதன்மேல் மின்கட்டண ரசீதையும் ஒட்டினேன்.

யாரும் திட்டவில்லை.
திட்டியிருந்தால் தேவலை.
மிஸி ரொஹானா
சீனி போடாத தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் தந்து
"அடுத்த மாதம் பார்ப்போம், ஆன்ட்டி" என்றாள்.
டாக்சியில் நீ பேசவே இல்லை.
ஈசூன் ரிங் ரோடு சிவப்பு விளக்கில் நின்றபோது
"பசிக்குது" என்றாய்.
அவ்வளவுதான்.

*

மறுமுறை
மூன்று அறைகளில் மஞ்சள் இல்லை.
இரவு ஊசி, இருபதுக்குப் பதில் பதினாறு.
நள்ளிரவுக்குப் பின் சோறில்லை.
நாலு மணிக்கு விளக்கைப் போடாமல்
உன் விரல்நுனியைத் தேடிக் குத்தினேன்.
ஆறு புள்ளி எட்டு.
கோயிலில்கூட
அத்தனை துல்லியமாய் நான் எதையும் கேட்டதில்லை.

சர்க்கரைக்காரர்களை அதிகம் காயப்போடக்கூடாதென்று
பட்டியலில் உன்னை முதலாவதாய்ப் போட்டிருந்தார்கள்.
எந்த வரிசையிலும்
பின்னால் இருப்பவளுக்கு வழிவிட்டே பழகியவள்,
எட்டேகாலுக்குக் கதவுக்குள் போனாய்.

திரையில் உனக்குப் பெயரில்லை,
நான்கு இலக்கம் மட்டும்.
மயங்கிக் கிடப்பவளுக்குச் சர்க்கரை தாழ்ந்தால்
கைநடுக்கம் சொல்ல முடியாது,
கண் இருட்டுவதைச் சொல்ல முடியாது.
அதனால் மணிக்கொரு தரம் விரலைக் கேட்பார்களாம்.
நான் நாற்காலியில் உட்கார்ந்து
என் விரல்களை மடக்கி மடக்கி நீட்டினேன்.

*

வெளியே வந்தபோது
பதின்மூன்று புள்ளி ஆறு.
ஒரு பருக்கைகூடச் சாப்பிடவில்லையே மிஸி!
"உடம்புக்கு அடிபட்டிருக்கே அங்கிள்."
வீட்டில் ஒன்று நடந்துவிட்டால்
இருப்பதையெல்லாம் அள்ளிக் கொடுப்போமே,
அதுபோல ஈரல்
தன் சேமிப்பை இரத்தத்தில் கொட்டுகிறதாம்.
ஊசி. ஒரு மணி நேரம். மறுபடி விரல்.
பதினொன்று. ஒன்பது புள்ளி இரண்டு.

கஞ்சி வந்தது.
எத்தனை கரண்டி இறங்கியதென்று பார்த்துத்தான்
ஊசியின் அளவைச் சொன்னார்கள்.
ஐந்து கரண்டிக்கு மேல் முடியவில்லை உனக்கு.
ஆறாவது நான் குடித்தேனென்று
பொய் சொல்லாமல் ஒப்புக்கொண்டேன்.

"எத்தனை தையல்?" என்றாய்.
வயிற்றில் ஒன்பது.
"என்னோட சேத்தா பத்து" என்றாய்,
தையல்நாயகி,
சிரித்தால் வலிக்குமென்று
வயிற்றைத் தலையணையால் அமுக்கிக்கொண்டு.

*

பன்னிரண்டாம் நாள்.
காயத்தின் ஓரத்தில் ஓரிடம் மட்டும்
இன்னும் காயவில்லை.
இரண்டு நாளுக்கொரு முறை பலதுறை மருந்தகம் போகிறோம்.
நீ வரிசைச் சீட்டை என்னிடம் தருவதில்லை.

ஞாயிறு இரவு
நீ தாளைப் படிக்கிறாய், நான் போடுகிறேன்.
காலை வெள்ளை இரண்டு. உண்டு.
இரவு நீலம் பாதி. உண்டு.
மஞ்சள்?
"நல்லா சாப்பிட ஆரம்பிக்கட்டும்னாரு டாக்டர்.
இல்லை."
ஏழு தடவை கேட்டேன்.
ஏழு தடவையும் இல்லை என்றாய்.

தாள் இப்போது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிறது.
மின்கட்டணம் கட்ட
மறந்தே போய்விட்டோம்.